உப்புமண்ணில் நட்ட தூண்

மண்ணும் உப்பும் இரும்பும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், துரு என்ற ஒன்றே கிடையாது. மழையில் கிடந்தாலும் மண்ணில் புதைந்தாலும், உலையிலிருந்து வந்த கருநிறம் மாறாமல் இரும்பு அப்படியே இருக்கும்.

அப்போது கடலோர உப்பளம் ஒன்றில் பாத்தி கட்டி உப்பு வாரிவந்தாள் காத்தாயி. அவள் கணவன் சாத்தையா கொல்லன். மலையடிவாரத்துச் செம்மண்ணை வெட்டிவந்து, உலையில் உருக்கி இரும்பு எடுப்பவன். கடல் பொங்கும்போது அளத்துக்குள் தண்ணீர் புகாமலிருக்க, இருவரும் வாய்க்காலில் ஒரு மதகு கட்டினார்கள். மதகின் பலகைக் கதவைத் தாங்க, சாத்தையா ஓர் இரும்புத் தூணை அடித்து உப்புமண்ணில் ஆழமாக நட்டான்.

மறுநாளே தூணுக்குக் கீழே யாரோ முணுமுணுத்தார்கள்.

"யார் அது?" என்றது தூண்.

"மண். நீ என் பிள்ளை."

"இல்லை, நான் கொல்லனின் பிள்ளை. உலையில் பிறந்தேன்."

"உலைக்கு முன்னால் எங்கே இருந்தாய்?"

தூணுக்கு அது நினைவில்லை. நெருப்பில் எல்லாம் மறந்துபோயிருந்தது. மண் இன்னும் ஏதேதோ சொன்னது. நெருப்பு போர்த்திவிட்ட கருந்தோலைத் தாண்டி அதில் பாதிதான் காதில் விழுந்தது. நிஜமா, பொய்யா? குழம்பிக் குழம்பி, கடைசியில் பக்கத்தில் ஈரத்தில் கரைந்து கிடந்த உப்பைக் கேட்டது.

"எனக்கென்ன தெரியும்?" என்றது உப்பு. "வேண்டுமானால் உன் தோலில் சின்னதாக ஓர் ஓட்டை போடுகிறேன். மண் சொல்வது சரியாகக் கேட்கும்."

"வலிக்குமா?"

"அதுவும் தெரியாது. இதுவரை யாருக்கும் போட்டதில்லை."

உண்மை தெரிந்தால் போதும் என்றிருந்தது தூணுக்கு. "சரி, போடு" என்றது.

உப்பு ஊசிமுனை அளவுக்குத் துளைத்தது. துளைவழியே மண்ணின் குரல் உள்ளே இறங்கியது. மலையடிவாரமும், அங்கே செம்பொடியாய்க் கிடந்த நாட்களும் தூணுக்கு நினைவு வந்தன. நினைவு வந்த இடமெல்லாம் சிவந்து உதிர்ந்தது. "போதும், மூடிவிடு!" என்று பயந்து கத்தியது. உப்புக்குத் துளைக்கத்தான் தெரிந்தது. அடைக்கத் தெரியவில்லை.

வெளியிலிருந்து பார்க்கத் தூண் நன்றாகவே நின்றது. ஆடி மாதத்தில் ஒரு காலை, கடல் பொங்கி வந்ததும் அடியோடு ஒடிந்தது. கதவு சாய்ந்தது. காத்தாயி ஓடிப்போய் முதுகைக் கொடுத்துத் தாங்கினாள்.

"மண்ணை அள்ளிப் போடுங்க! என்னால ரொம்ப நேரம் தாங்க முடியாது!"

சாத்தையா அள்ளி அள்ளிப் போட்டு வாய்க்காலை அடைத்தபோது, அவளுக்குக் கழுத்தளவு தண்ணீர். பாதிப் பாத்திகள் கரைந்துவிட்டன. அவளை இழுத்துக் கரையேற்றிய பிறகுதான் அவன் ஒடிந்த தூணைப் பார்த்தான்.

"நான் சரியா அடிக்கலையோ?"

"உள்ள பாருங்க, செம்மண்ணு! இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

தூணே அழுதுகொண்டு நடந்ததைச் சொன்னது. "நான் உங்கள் பிள்ளையா, மண்ணின் பிள்ளையா? எனக்கு ஒன்றும் புரியவில்லை."

யார்மேல் கோபப்படுவது என்று சாத்தையாவுக்குத் தெரியவில்லை. மண்ணைப் பார்த்துக் கத்தினான். "என் பொண்டாட்டி செத்திருப்பாளே! ஏன் இப்படிச் செஞ்ச?"

"கூப்பிட்டேன், அவ்வளவுதான். மலையடிவாரத்தில் என் பிள்ளையை நீ வெட்டி எடுத்துப் போனபோது என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதுகூட இல்லை.

"இனிமே கூப்பிடாத."

"என்மேல் பட்டால் கூப்பிடாமல் என்னால் இருக்க முடியாது."

காத்தாயி ஈரச்சேலையோடு எழுந்துபோய், கலயத்தில் புன்னை எண்ணெய் கொண்டுவந்தாள். "புதுத் தூணுக்கு இதைப் பூசுவோம். மண்ணு கூப்பிடுறது அதுக்குக் கேக்காது."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலையே. எண்ணெய் போகப் போகத் திரும்பப் பூசுவோம்."

மண்ணில் பட்ட இரும்பு சிவந்து உதிரத் தொடங்கியது அன்றிலிருந்துதான். உப்பு உள்ள இடத்தில் முதலில் ஊசித்துளை விழுந்து, வெளியே தெரியாமல் உள்ளே அரித்துப்போவதும், இரும்பை நடுமுன் மனிதர்கள் அதன்மேல் எதையாவது பூசுவதும் அன்றிலிருந்துதான்.