பவளம் வச்சுக்கிட்ட வெள்ளைச் சாமந்தி

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, பவளம்னு பேரு. பொறந்தது சாத்தூர், ஆனா கதை நடக்கிறது ஜப்பான்ல. ம் கொட்டிட்டே வா, நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன். அவ வீட்டுக்காரனுக்கு அங்க கார் கம்பெனியில வேலை. கல்யாணம் முடிஞ்ச கையோட இவளையும் கூட்டிட்டுப் போயிட்டான். அவன் காலையில போனா இருட்டினப்புறம்தான் வருவான். இவளுக்கோ அந்த ஊர் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. தெருவுல எல்லாரும் மரியாதையாத்தான் குனிஞ்சு கும்பிடுவாங்க, ஆனா ஒருத்தரும் வந்து கதவைத் தட்ட மாட்டாங்க. பேச ஆளில்லாம தவிச்சுப் போயிட்டா, பாவம்.

ம்.

அப்புறம், அவ தினம் காலையில குளிச்சு, விளக்கேத்தி, முருகன் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவா. நம்ம வீட்டுல பண்றதுதானே? அது கமகமன்னு ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுல மொரினோன்னு ஒரு தாத்தா தனியா இருந்தார்.

ஒரு நாள் டொக் டொக். திறந்தா அந்தத் தாத்தா, கை நிறைய வெள்ளைச் சாமந்தி! குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டுக் கொடுத்தார். பவளத்துக்கு வந்த சந்தோஷம் இருக்கே! விசுக்குனு ஒரு பூவைக் கிள்ளித் தலையில வச்சுக்கிட்டு ஈன்னு சிரிச்சா. தாத்தா திகைச்சுப் போயிட்டார். இது இவங்க ஊர் வழக்கம் போலன்னு நினைச்சாரோ என்னவோ, இன்னும் கீழ குனிஞ்சு கும்பிட்டுப் போனார்.

அப்புறம் இன்னொரு நாள் டொக் டொக். இந்தத் தடவை ஆரஞ்சுப் பழம். முருகன் படத்து முன்னால வச்சுட்டு, ஊதுபத்தியைப் பார்த்துக் கைகூப்பி நின்னார். கண்ணு கலங்கியிருந்துச்சு. நம்ம முருகன் மேல என்ன பக்தின்னு இவ பூரிச்சுப் போனா. அசடு!

அன்னிக்கே மிச்சமிருந்த சாமந்தியைத் தலையில வச்சுக்கிட்டுக் கடைக்குப் போனாளா, கல்லாவுல இருந்த பொண்ணுக்கு முகமே வெளிறிப் போச்சு. அவ தன்னோட போன்ல ஏதோ பேசினா. நாம பேசினா வேற பாஷையில சொல்லுமே, அந்த மாதிரி போன். அது தமிழ்ல சொல்லுச்சு: "அந்தப் பூ இங்க செத்தவங்களுக்கு வைக்கிறது. உங்க வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?"

"ஐயோ, ஊதுபத்தி?"

"அதுவும் வீட்டுல கொளுத்தறது செத்தவங்களுக்குத்தான்."

அப்போதான் அவளுக்குச் சுருக்குனு உறைச்சுது. தாத்தா வந்தது துக்கம் விசாரிக்க! அடுத்த தடவை வந்தா உள்ளதைச் சொல்லிடணும்னு முடிவு பண்ணா.

ம்.

மூணாவது தடவை டொக் டொக். தாத்தா அரிசி உருண்டை கொண்டு வந்தார். பவளம் தன் போனை நடுவுல வச்சா. அவ வாயெடுக்கறதுக்குள்ள தாத்தா முந்திக்கிட்டார்.

"என் சம்சாரம் போயிட்டாம்மா. அதுலேருந்து என் வீட்டுலயும் தினம் ஊதுபத்திதான். உன் வீட்டு வாசனை வந்தா, இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் இல்லைன்னு மனசு கொஞ்சம் ஆறும். உனக்கு யார் போனாங்கன்னு கேக்க மாட்டேன். முடியறப்போ சொல்லு."

சொல்லிட்டுப் பொலபொலன்னு அழுதார். இப்போ நீயே சொல்லு, அவ எப்படிச் சொல்லுவா? சொன்னா அந்த மனுஷன் கூசிப் போயிடுவார், அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டார். அந்த ஊர்ல அவ கதவைத் தட்டறது அவர் ஒருத்தர்தானே. அடுத்த தடவை சொல்லிக்கலாம்னு முழுங்கிட்டா.

அடுத்த தடவை அவர் வரவே இல்லடி. பனி கொட்டுச்சு. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கலை. இவளே போய்த் தட்டிப் பார்த்தா, பதில் இல்லை. அப்பவும் தினம் ஊதுபத்தி கொளுத்தி, வாசனை அந்தப் பக்கம் போகட்டும்னு குளிர்லயும் ஜன்னலைத் திறந்து வச்சா.

அப்போ ஒரு நாள் டொக் டொக்! விழுந்தடிச்சு ஓடித் திறந்தா, தாத்தா இல்லை. கறுப்பு உடுப்புல ஒரு அம்மா. தாத்தாவோட மகளாம், வெளியூராம்.

"அப்பா ஆஸ்பத்திரியில தவறிட்டார்"னு போன் சொல்லுச்சு. "கடைசி வரைக்கும் உங்க பேச்சுதான். பக்கத்து வீட்டுப் பொண்ணு யாரையோ பறிகொடுத்துட்டுத் தனியா இருக்கு, போய் அதுகூடக் கொஞ்ச நேரம் உக்காருன்னார்."

அந்த அம்மா உள்ள வந்து ஊதுபத்தி முன்னால உக்காந்தாங்க. அப்பன் செத்த துக்கத்தை வச்சுக்கிட்டு, இவளோட துக்கத்துக்கு வந்து உக்காந்தாங்க பாரு! அப்புறம் மெதுவா கேட்டாங்க, "உங்களுக்கு யாரும்மா போனது?"

பவளம் எழுந்தா. புதுசா ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினா.

"உங்க அப்பாதான்"னா.

என்னடி, ம் சத்தத்தைக் காணோம்? தூங்கிட்டியா, அழறியா? ஊதுபத்தியும் எரிஞ்சு முடிஞ்சுது, கதையும் அதோட அடங்கிடுச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பிப் படு, தூங்கு.