அரை ஏரி

வெகுகாலத்துக்கு முன் குன்றூர் நாட்டை வில்லவராயன் என்று ஓர் அரசன் ஆண்டான். கெட்டவன் அல்ல. ஆனால் அவன் மனசு எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் ஒருவனைச் சிறையில் போடுவான். சாயங்காலம் அவனையே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுவான்.

அப்படிப்பட்டவனிடம் எட்டு வருஷமாக அமைச்சராக இருந்தவர் எயினனார். அந்த எட்டு வருஷமும் அவருடைய முத்திரை மோதிரத்தின் மேலேயே கண்ணாக இருந்தவர் ஆஸ்தான கணிதர் வச்சிரநாதர்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. குன்றூரில் மூன்று ஏரிகள். மேலேரி நிரம்பினால் நடுவேரிக்குத் தண்ணீர் வரும், நடுவேரி நிரம்பினால் பேரேரிக்கு. பேரேரிக் கரைக்குக் கீழே மூன்று ஊர்கள். மதகைத் திறந்துவிட்டால் ஊர்கள் பிழைக்கும், ஆனால் கோடைப் பயிருக்குத் தண்ணீர் இருக்காது. திறக்காமல் விட்டுக் கரை உடைந்தால் ஊர்களே இருக்காது.

மூன்று ஏரிகளின் காவலர்களும் ஓலையோடு சபைக்கு வந்தார்கள். மூன்று ஓலையிலும் ஒரே வாசகம்: 'ஏரி அரை நிறைவு.'

வச்சிரநாதர் தன் கணக்கு ஓலையை விரித்துப் படித்தார். "மூன்றும் பாதிதான், அரசே. இன்னும் பத்து நாள் பெய்தாலும் தாங்கும். மதகைத் தொட வேண்டாம்."

அரசன் முகம் மலர்ந்தது. எயினனார் மூன்று ஓலைகளையும் வாங்கி மறுபடி படித்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே பேரேரிக் கரை உடைந்தபோது, மரக்கிளைகளில் சிக்கித் தொங்கிய தொட்டில்களை அவர் பார்த்திருக்கிறார். அன்றைக்கும் யாரோ 'அரை' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

"அரசே, சொல் ஒன்றாக இருக்கிறது. மூவரும் ஒன்றையே சொல்கிறார்களா என்று..."

"பார்த்தீர்களா," என்று வச்சிரநாதர் குறுக்கே புகுந்தார். "அரை என்றால் அரை. அமைச்சருக்கு எழுத்துக்கு எழுத்து சந்தேகம். இவர் பேச ஆரம்பித்தால் மழையே நின்றுவிடும்."

சபை சிரித்தது. அரசனும் சிரித்தான், பிறகு சட்டென்று கடுகடுத்தான். "எயினனாரே, உம் வார்த்தைகள் எனக்குச் சலித்துவிட்டன. இனி வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல்கூடப் பேசாமல் கணிதர் சொன்னது தவறு என்று காட்டும். ஒரு நாழிகை தருகிறேன். முடியாவிட்டால் முத்திரை அவருக்கு."

வெளியே மழை வலுத்தது. எயினனார் கைகூப்பினார். மடைப்பள்ளிப் பக்கம் போய், சைகையாலேயே ஒரே அளவான மூன்று குடங்களையும் ஓர் அண்டாத் தண்ணீரையும் தூக்கிவரச் செய்தார். காவலர் மூவரையும் ஒருவரை ஒருவர் பார்க்காதபடி திருப்பி நிறுத்தினார். ஆளுக்கொரு குடத்தை முன்னே வைத்து, அவரவர் ஓலையைக் குடத்தின் மேல் வைத்துக் காட்டி, ஒரு செம்பையும் கையில் கொடுத்தார். தங்கள் ஏரியில் உள்ள அளவுக்கு ஊற்றிக் காட்டவேண்டும் என்று மூவருக்கும் புரிந்தது.

மேலேரிக் காவலன் குடத்தில் சரிபாதி ஊற்றி நிறுத்தினான். நடுவேரிக் காவலன் முக்கால் குடம் ஊற்றினான். பேரேரிக் காவலனோ ஊற்றிக்கொண்டே போனான். தண்ணீர் குடத்தின் கழுத்துக்கு ஏறிய பிறகுதான் செம்பைக் கீழே வைத்தான்.

 எயினனார் வச்சிரநாதரின் கணக்கு ஓலையை எடுத்துத் தரையில் விரித்து, கழுத்தளவு நிறைந்த பேரேரிக் குடத்தை அதன்மேல் வைத்தார். மேலேரிக் குடத்து நீரை நடுவேரிக் குடத்தில் ஊற்றினார். அது விளிம்பு தொட்டதும் அதைத் தூக்கிக் கடைசிக் குடத்தில் சாய்த்தார். தண்ணீர் நாலாபக்கமும் வழிந்து, கணக்கு ஓலையை நனைத்து, கணிதரின் கால்வரை ஓடியது.

"குடம் வேறு, ஏரி வேறு," என்றார் வச்சிரநாதர். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

அரசன் அவரைப் பார்க்கவே இல்லை. பேரேரிக் காவலனிடம், "இதுவா உன் ஊரில் அரை?" என்று கேட்டான்.

"ஆமாம் சாமி. கரையோட மேல்பாகத்துல ஓர் அளவுக்கல் நட்டிருக்கு. அந்தக் கல்லுல பாதி நனைஞ்சா அரைன்னு எழுதுவோம். கல்லு முழுகினா கரை நிக்காது."

"உன் ஊரில்?"

"எங்களுக்குப் படிக்கட்டுக் கணக்கு சாமி," என்றான் நடுவேரிக் காவலன். "பாதிப் படி முழுகினா அரை. படிக்குக் கீழ இருக்கிற ஆழத்தை நாங்க எண்ணுறதில்லை."

அரசன் முகம் வெளுத்தது. "எயினனாரே, பேசும்."

"பேச நேரமில்லை அரசே. குதிரை வேண்டும்."

அவரே போனார். பொழுது சாய்வதற்குள் பேரேரியை எட்டியபோது அளவுக்கல்லின் தலை மட்டும் நாலு விரற்கடை வெளியே தெரிந்தது. கரையில் இரண்டு இடத்தில் சேற்றுநீர் கசிந்தது. மதகுப் பலகைகள் ஊறி இறுகியிருந்தன. பன்னிரண்டு பேர் கயிறு கட்டி இழுத்தும் அசையவில்லை. அமைச்சரும் கயிற்றைப் பிடித்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. பலகை கிறீச்சிட்டு மேலே வந்தபோது அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கல்லின் தலை மெல்ல மெல்ல உயர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கரை நின்றது.

மழை ஓய்ந்ததும் அரசன் ஆணையிட்டான். மூன்று ஏரிக்கும் ஒரே அளவுகோல். அடிமண்ணிலிருந்து கரைத்தலை வரை எண்ண வேண்டும். நிறைவு, அரை, கால் எல்லாவற்றுக்கும் எங்கும் ஒரே பொருள். 'ஒரு நாள்' என்பதும் விடியலிலிருந்து விடியல் வரைதான். இதை ஒவ்வொரு மதகிலும் கல்லில் வெட்டும் வேலை வச்சிரநாதருக்கு. மழையிலும் வெயிலிலும், குடை இல்லாமல்.

"உமக்கு என்ன வேண்டும்?" என்று எயினனாரைக் கேட்டான்.

கட்டுப்போட்ட கைகளைக் கூப்பி அவர் சொன்னார்: "இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது அரசே. வழக்கு என்று வருபவர்களிடம் 'நாளை வா' என்கிறீர்கள். அதற்கும் ஒரே பொருள் வேண்டும்."

 அரசன் முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு, "வெட்டச் சொல்லும்," என்றான். "நாளை என்றால் அடுத்த விடியல்."

மறுநாள் விடிந்தபோது அரண்மனை வாசலில் நூற்றிருபது பேர் நின்றார்கள். சிலர் ஆறு வருஷமாக அந்த 'நாளை'க்காகக் காத்திருந்தவர்கள். அரசன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, முதல் ஆளைக் கூப்பிட்டான்.