வாய் நிறையத் தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது தொண்டையைப் பற்றின கதை, கத்திச் சொன்னால் என் தொண்டை போய்விடும். வாயில் வெற்றிலை வைத்திருக்கிறவர்கள் துப்பிவிட்டு வந்துவிடுங்கள். நடுவில் சிரித்துப் புரை ஏறினால் நான் பொறுப்பில்லை.

செங்கரடு ஜமீனில் மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள். முப்பது வயது இருக்கும். தொண்டையில் மீன்முள் குத்தினாலும், பிள்ளை புளியங்கொட்டையை விழுங்கினாலும் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கழுத்தைத் தடவியே எது எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு ஒரே ஒரு சீடன். அவளைவிட ரொம்ப மூத்தவன். பெயர் சங்கிலி.

சங்கிலி முன்னே அரண்மனைக் கட்டியக்காரன். ஜமீன்தாருக்கு முன்னால் நடந்துபோய் அவருடைய பட்டங்களைக் கூவுகிற வேலை. ஒரு நாள் அதிரசத்தை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டே கூவ ஆரம்பித்தான். புரை ஏறியது. பாதிப் பட்டம் அதிரசத் தூளோடு சேர்ந்து ஜமீன்தாரின் அங்கவஸ்திரத்தில் போய் விழுந்தது. அன்றோடு வேலை போயிற்று. அதிலிருந்து பேச வாயெடுத்தால் இருமல்தான். வைத்தியத்துக்கு மாடத்தியிடம் வந்தான், அங்கேயே தங்கிவிட்டான்.

ஒரு மத்தியானம் அவன் தம்பி இருளாண்டியைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள் என்று சேதி வந்தது.

ஜமீன்தார் மடையைப் பூட்டி வைத்திருந்தார். நெல் கருகுவதைப் பார்க்கப் பொறுக்காமல் இருளாண்டி அதைத் திறந்துவிட்டான். மறுநாள் காலை விசாரணை. விசாரணை முடிந்தால் கல்மலை. அங்கே கல் உடைக்கப் போனவன் எவனும் வீடு திரும்பினதில்லை.

அந்த விசாரணை எப்படி நடக்கும் என்று கேளுங்கள். கணக்குப்பிள்ளை மூன்று முறை கேட்பார்: "இவனுக்காகப் பேச ஆள் உண்டா?" உண்டு என்று ஒரு குரல் எழுந்தாலும் போதும், கல்மலை கிடையாது, வழக்கை முழுசாகக் கேட்டாக வேண்டும். ஜமீன்தாருடைய பாட்டன் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான்.

ஆனால் அதே பாட்டன் இன்னொன்றும் செய்துவைத்திருந்தான். குடிகளின் மூச்சுக்காற்று ஜமீன்தார் மேல் படக் கூடாதாம். வாசலில் ஒரு செப்பு அண்டா இருக்கும். கணக்குப்பிள்ளையும் அண்டாக்காரனும் தவிர உள்ளே போகிறவர்கள் எல்லாரும், ஈட்டி பிடித்த காவல்காரன்கூட, ஒரு வாய் தண்ணீர் வாங்கி அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு சொட்டு தரையில் விழுந்தாலும் அவனுக்கும் கல்மலை. தெரியாமல் விழுங்கிவிட்டால், பேச்சு எழுவதற்குள் அண்டாக்காரன் வந்து மறுபடி ஊற்றுவான்.

ஆக, கணக்குப்பிள்ளை கேட்பார். ஊரே கன்னம் உப்பி நிற்கும். "பேச ஆள் இல்லை" என்று எழுதிக்கொள்வார்.

"நான் துப்பிட்டுக் கத்தப் போறேன், தாயி" என்றான் சங்கிலி.

"கத்துங்கண்ணே. அண்ணனும் தம்பியும் ஒரே பாறையை உடைக்கலாம். பேச்சுத்துணைக்கு ஆச்சு."

"என் தம்பி போயிருவான் தாயி. நீங்க கிண்டல் பண்றீங்க."

"நான் கிண்டல் பண்ணாட்டி நீங்க இப்பவே ஓடிப்போய்த் துப்புவீங்க."

அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "வாயை அந்த ஜமீன்தார் அடைச்சிட்டான். பிறகு நம்மகிட்ட என்னதான் இருக்கு?"

மாடத்தி ஒரு செம்பில் தண்ணீர் மொண்டாள். செம்பை நீட்டினாள்.

"ஒரு வாய் அடக்குங்க. விழுங்கக் கூடாது."

அடக்கிக்கொண்டான். அவன் கையைப் பிடித்து, கழுத்தில் துருத்தி நிற்கிற குரல்வளையின் மேல் வைத்தாள்.

"கதை சொல்றேன், ம் கொட்டுங்க. ஒரு ஊர்ல ஒரு நரி."

"ம்."

விரலுக்கு அடியில் ஏதோ சிறகடித்தது. சங்கிலியின் கண் விரிந்தது.

"வாய் நிறையத் தண்ணி. உதடு மூடியிருக்கு. அப்ப இந்தச் சத்தம் எங்கயிருந்து வந்துச்சு?"

அவன் வாயைத் திறக்கப் போனான்.

"அட, திறக்காதீங்க! இப்ப மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கொட்டுங்க."

வரவில்லை. முகம்தான் சிவந்தது.

"குரல் பிறக்கிறது கழுத்துல. வாய் அதுக்குச் சட்டை மாட்டி அனுப்புது, அவ்வளவுதான். வாயை அடைச்சா மூக்கு வழியாப் போகும். சரி, இப்ப விழுங்குங்க."

விரலுக்கு அடியில் குரல்வளை மேலே ஏறி இறங்கியது.

"இன்னொரு வாய் வாங்கிக்கோங்க. இந்தத் தடவை விழுங்கிக்கிட்டே ம் கொட்டுங்க."

முயன்றான். அவ்வளவுதான், தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. இருமி இருமிக் கண் பிதுங்கிவிட்டது. மாடத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"விழுங்குறப்போ உடம்பு மூச்சுக்குழலோட வாசலைத் தானே சாத்திக்கும்ணே. கண்ணிமைக்கிற நேரம். அப்ப மூச்சும் கிடையாது, பேச்சும் கிடையாது. ஜமீன்தாருக்கும் அப்படித்தான், அவர் எருமைக்கும் அப்படித்தான். அந்தக் கண்ணிமைக்கிற நேரம் உங்களால பொறுக்க முடியல. அதான் இருமல். முதல்ல விழுங்கி முடிங்க. குரல்வளை கீழ இறங்கட்டும். பிறகு மூச்சு. அதுக்குப் பிறகு எவ்வளவு வேணுமோ கத்துங்க."

அன்று சாயங்காலம் தொண்டை வலி என்று ஊரில் பாதிப்பேர் மாடத்தியின் வாசலுக்கு வந்துபோனார்கள். ஒருத்தருக்கும் வலி இல்லை.

காலையில் அரண்மனை முற்றம் நிறைந்திருந்தது. எல்லார் கன்னமும் உப்பியிருந்தது. நடுவில் இருளாண்டி, கை பின்னால் கட்டியிருந்தது.

"இவனுக்காகப் பேச ஆள் உண்டா?" என்று கணக்குப்பிள்ளை கேட்டார். பேனா அதற்குள் மைக்கூட்டில் இறங்கிவிட்டது.

"ம்."

பேனா நின்றது. தூண் பக்கமிருந்து இன்னொரு "ம்". பெண்கள் பக்கமிருந்து ஒன்று. அப்புறம் முற்றம் முழுக்க, தேன்கூட்டைக் கலைத்தது மாதிரி, "ம்ம்ம்ம்ம்" என்று எழுந்தது.

ஜமீன்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவன்டா அது?"

எல்லார் உதடும் மூடியிருந்தது. எல்லார் முகமும் கன்றுக்குட்டி முகம்.

"மறுபடி கேளும்."

கணக்குப்பிள்ளை கேட்டார். "ம்ம்ம்ம்ம்" என்றது முற்றம்.

ஜமீன்தார் ஒன்றும் முட்டாள் இல்லை. "மூக்காலயா பேசுறீங்க? பிடிங்கடா மூக்கை! எல்லாரும் பிடிங்க! எவ்வளவு நேரம்னு நானும் பார்க்கிறேன்."

பிடித்தார்கள். சத்தம் நின்றது. மூச்சும் நின்றது.

சங்கிலிக்கு நெஞ்சு எரிந்தது. தொண்டைக்குள் அந்தப் பழைய இருமல் கிளம்புவது தெரிந்தது. இருமினால் தண்ணீர் கொட்டும், கொட்டினால் அவனும் கல்மலைக்கு. தம்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். சங்கிலி மாடத்தியைத் தேடினான். அவள் ஒரு கையால் மூக்கைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையின் விரல் அவள் கழுத்தின் மேல் இருந்தது. அந்த விரல் மெல்ல மேலே ஏறியது. இறங்கியது.

அவன் விழுங்கினான்.

அவசரப்படவில்லை. குரல்வளை கீழே வந்து உட்காருகிறவரைக்கும் பொறுத்தான். சுற்றிலும் மடக் மடக் என்று கேட்டது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. மூக்கைத்தான் பிடிக்கச் சொல்லியாயிற்றே, மூச்சுக்கு வேறு வழி ஏது? ஊரே வாயைத் திறந்தது.

"உண்டு!" என்றான் சங்கிலி. கட்டியக்காரன் குரல், சும்மாவா? "நான் இருக்கேன்! அவன் கூடப்பிறந்தவன் நான் இருக்கேன்!"

"நானும் உண்டு!" என்றாள் ஒரு பொம்பளை.

"நானும்!" என்றான் காவல்காரன் ஒருத்தன். அவன் வயலும் அதே மடைக்குக் கீழேதான் கிடந்தது.

"ஊத்துடா!" ஜமீன்தார் எழுந்தே விட்டார். "எல்லார் வாயிலயும் மறுபடி ஊத்து!"

அண்டாக்காரன் திரும்பினான். வாசலில் அண்டாப் பக்கத்தில் அதற்குள் மாடத்தி வந்து நின்றிருந்தாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். செம்பில் மொண்டு, அண்ணாந்து, நிதானமாகக் குடித்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் அவள் கழுத்து ஏறி இறங்குவதை எல்லாரும் பார்த்தார்கள். குடித்து முடித்து அண்டாவைச் சாய்த்தாள், கவிழ்த்தாள், அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னடா நிக்கிற? கிணத்துல இறைச்சிட்டு வா!"

"எதுல இறைக்கட்டும் எசமான்? அண்டா மேல ஆள் உட்கார்ந்திருக்கு."

ஜமீன்தார் காவல்காரர்களைப் பார்த்தார். அவர்கள் தாழ்வாரத்துக் கூரையைப் பார்த்தார்கள்.

கணக்குப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "குரல் எழுந்திருச்சு எசமான். பெரியவங்க போட்ட சட்டம். கேட்டாகணும்."

சங்கிலி பேசினான். மடையை யார் பூட்டினது, யார் யார் வயல் கருகினது, எவன் வீட்டில் உலை ஏறவில்லை, எல்லாம் பேசினான். ஒரு தடவைகூட இருமவில்லை. உச்சிவெயில் முற்றத்தில் இறங்கும்போது இருளாண்டியின் கட்டு அவிழ்ந்தது.

"முடிஞ்சுதில்ல?" என்றார் ஜமீன்தார். "எந்திரி புள்ள. அண்டாவை நிமிர்த்தி வைக்கணும்."

மாடத்தி எழுந்திருக்கவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"அடுத்து யாரு பேசணும்? முன்னால வாங்க."