சமையலறைக்கு ஒரு சிவப்பு விளக்கு

ஒரு காலத்தில், ரொம்பப் பழைய காலம் ஒன்றுமில்லை, போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பள்ளிபாளையத்தில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுகிறவர் நடேசன், விசைத்தறிப் பட்டறையில் மேஸ்திரி. அவர் மனைவி மங்கையர்க்கரசி அதே பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் தறி ஓட்டியவள். தறிச் சத்தம் அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது.

வாடகை வீட்டில் இது ஒரு குறையாகவே இல்லை. ஒரே அறை, அடுப்படியில் உட்கார்ந்தால் வாசல் நேராகத் தெரியும். புது வீட்டிலோ வாஸ்து பார்க்க வந்தவர் சமையலறையை அக்கினி மூலைக்குத் தள்ளிவிட்டார். அங்கிருந்து வாசலைப் பார்க்க ஹாலைத் தாண்டி நடந்து வர வேண்டும். ஆகவே மங்கை இந்த வீட்டுக்காகக் கேட்டது ஒன்றே ஒன்று. வாசலில் பெல்லை அமுக்கினால் அடுப்பு மேடைக்கு மேலே எரிகிற ஒரு சிவப்பு விளக்கு. யாராவது வாங்கித் தரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. தானே கடைக்குப் போய் வாங்கி, ஒரு மஞ்சள் பையில் போட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் ஹால் சுவர் எல்லோரையும் கூப்பிட்டது.

“நாளை மறுநாள் எனக்குப் பூச்சு. எனக்குள்ளே வர வேண்டியவர்கள் இப்போதே வந்துவிடுங்கள். இன்றைக்கு நான் வெறும் செங்கல், யார் கேட்டாலும் இடம் கொடுப்பேன். பூசி, பட்டி பார்த்து, பெயின்டும் அடித்துவிட்டால் எனக்குக் கௌரவம் வந்துவிடும். அப்புறம் என்னைக் கீறினால் ஊரே பதறும்.”

தண்ணீர்க் குழாய் போய் உட்கார்ந்தது. மின்சாரக் குழாயும் உட்கார்ந்தது. மஞ்சள் பைக்குள்ளிருந்து சிவப்பு விளக்கு மெதுவாகக் கேட்டது.

“எனக்கு ஒரு மெல்லிய குழாய் போதும். வாசலிலிருந்து அடுப்படி வரை.”

வாசல் நிலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேக்கு நிலை. “என்னை நிறுத்தும்போது நாள் பார்த்தார்கள். காலடியில் நவரத்தினம் போட்டார்கள். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். உனக்கு யாராவது ஒரு கற்பூரமாவது காட்டினார்களா?”

“இல்லை.”

“பிறகென்ன, பையிலேயே இரு.”

இவர்கள் பேசுவது மனிதர்களுக்குக் கேட்காது. அந்த விஷயத்தில் நடேசனும் மங்கையும் சமம்.

நடேசன் அப்போதுதான் வரைபடத்தோடு உள்ளே வந்தார். டி.வி.யை எங்கே மாட்டுவது என்று நான்காவது முறையாக இடம் மாற்றினார். டி.வி. இன்னும் வாங்கவில்லை. எலக்ட்ரீஷியன் பழனிவேல் பொறுமையாகக் குறித்துக்கொண்டு கேட்டார்.

“அண்ணா, அக்கா கேட்ட பெல் லைட்டுக்கு எப்படிப் பைப் போடட்டுங்க? இப்பன்னா அரை மணி நேர வேலை. வயர்கூட அப்பறம் இழுத்துக்கலாம். காலிப் பைப்பா போட்டு வெச்சாலே போதுமுங்க.”

“அட, அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி. ஆவணி கடைசியில முகூர்த்தம். அதுக்குள்ள பூச்சு காயோணும், பெயின்ட் அடிக்கோணும். கொத்தனார் இன்னிக்கே ஆரம்பிக்கறேங்கறாரு.”

மங்கை தூரத்தில் நின்று அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்தப் ‘பாத்துக்கலாம்’ அவளுக்கு மனப்பாடம். பையை ஜன்னலிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“நான் கூப்பிட்டுப் பார்த்தேன்” என்றது சுவர். அதற்குள் கொத்தனார் முதல் கரண்டிக் கலவையை அறைந்துவிட்டார்.

கிரகப்பிரவேசம் அமர்க்களமாக நடந்தது. பால் பொங்கியது. பசுவைக்கூட வாசல் வழியாக அழைத்து அடுப்படி வரை கூட்டிப் போய்க் காட்டினார்கள். விளக்குக்குத்தான் வழி இல்லை.

குடிவந்த மாதத்திலேயே சிலிண்டர்காரர் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஈரோட்டிலிருந்து வந்த நாத்தனார் பத்து நிமிஷம் நின்றுவிட்டு, “சொந்த வீடு வந்ததும் கதவு தொறக்கறதில்லை” என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் சொன்னாள். நடேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. சரி, சுவரைக் காடி வெட்டிக் குழாய் பதித்துவிடலாம் என்று பழனிவேலைக் கூப்பிடப் போனார். ஆனால் அந்த வாரமே மகள் வினோதினி வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மாசமாக இருக்கிற பெண் இருக்கும் வீட்டில் சுவரில் உளி வைக்கலாமா? நடேசன் காலண்டருக்கு ஆணி அடிக்கக்கூட விடவில்லை. காலண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. சுவருக்கு அது எதிர்பார்த்ததைவிட அதிகக் கௌரவம் வந்துவிட்டது.

நடேசன் ஒரு வயர்லெஸ் பெல் வாங்கி வந்தார். அடித்தால் சமையலறையில் பளிச் பளிச் என்று மின்னுகிற சாதி.

“குழாய் வேண்டாம், கம்பி வேண்டாம், நான் காற்றிலேயே வருவேன்” என்று அது மஞ்சள் பையைப் பார்த்துப் பெருமையடித்தது.

வரத்தான் செய்தது. அடுத்த வீட்டுக்காரரும் அதே கடையில் அதே பெல் வாங்கியிருந்தார். அவர் வீட்டுப் பால்காரருக்கு, அவர் வீட்டுக் கூரியருக்கு, அவர் வீட்டு டியூஷன் பிள்ளைகளுக்கு எல்லாம் மங்கை ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினாள். முதல் நாளில் மட்டும் பதினோரு தடவை.

“காற்றில் எல்லார் சேதியும்தான் வரும். எது யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்றது வயர்லெஸ் பெல்.

நான்காம் நாள் மங்கை அதைத் திருப்பி, முகம் சுவரைப் பார்க்க வைத்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வினோதினி செக்கப்புக்குப் போய்விட்டு உச்சி வெயிலில் திரும்பி வந்தாள். நடேசன் பட்டறையில் இருந்தார். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பெல்லை அமுக்கினாள். பெல் சுவரைப் பார்த்து ஒழுங்காக மின்னியது. போன் பண்ணினாள். அம்மாவின் போன் படுக்கையறையில் சார்ஜில் கிடந்து அதிர்ந்தது. அப்பாவின் போனைத் தறிச் சத்தத்தில் யார் கேட்பது? உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். பிறகு நிலையைத் தட்டினாள். கை வலிக்கவே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே மங்கை மகளுக்குப் பிடிக்குமே என்று வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து, பெண்ணை இன்னும் காணோமே என்று கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை நீட்டி, முகமெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தாள் மகள்.

சாயங்காலம் நடேசன் வந்ததும் மங்கை அவர் முன்னால் போய் நின்றாள். அழுதிருந்தாள்.

“ஏனுங்க, இந்த வீட்ல எனக்குக் கதவே இல்லீங்க. உள்ள போட்டுப் பூட்டுன மாதிரிதான் இருக்கறேன். எம்புள்ள வெளிய வெயில்ல கெடக்குது, நான் உள்ள கச்சாயம் சுட்டுட்டு இருக்கறேன்.”

நடேசன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மங்கை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் அவருக்கு ரொம்பக் கேவலமாக இருந்தது.

“நாளைக்கே பழனிவேல வரச் சொல்லிர்றேன். ஆனா புள்ள வீட்ல இருக்கறப்ப எப்படி உளி வெக்கறது?” என்றார் மகளைப் பார்த்து.

“நான் அடுத்த வீட்ல போயி உக்காந்துக்கறனுங்கப்பா” என்றாள் வினோதினி. “அவங்க வீட்டு ஆளுகளுக்கெல்லாம் அம்மாதான ஓடிப் போயிக் கதவத் தொறந்துச்சு. ஒரு நாளைக்கு என்னை வெச்சுக்க மாட்டாங்களா?”

இவ்வளவு சுலபமான யோசனை இத்தனை நாள் யாருக்கும் ஏன் வரவில்லை என்று அந்த வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பழனிவேல் உளியோடு வந்தார். புதுப் பெயின்டைப் பார்த்ததும் அவருக்கே கை வரவில்லை. முதல் அடி தயங்கித் தயங்கி விழுந்தது.

“நன்றாக அடி. நானாகக் கூப்பிட்டபோதே வந்திருக்கலாம்” என்றது சுவர்.

நிலைக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. “இப்படி அடி வாங்குகிறாயே, வலிக்கவில்லையா?”

“நேற்று உன்மேல் விழுந்த அடியைவிடவா?”



அரை மணி நேர வேலைக்கு அன்று பகல் முழுக்கப் பிடித்தது. வீடெல்லாம் தூசி. பூசின இடத்தில் அதே பெயின்ட்தான் அடித்தார்கள், ஆனாலும் நிறம் சேரவில்லை. வாசலிலிருந்து அடுப்படி வரை ஒரு நீளத் தழும்பு நின்றுவிட்டது. வெள்ளை வேட்டியில் காப்பிக் கறை மாதிரி, உள்ளே நுழைகிற யாருக்கும் முதலில் அதுதான் கண்ணில் படும். மற்ற சுவர்கள் கேலி செய்தன. மஞ்சள் பையிலிருந்து வெளியே வந்த சிவப்பு விளக்கு அடுப்பு மேடைக்கு மேலே ஏறி உட்கார்ந்தது.

அடுத்த நாள் காலை மங்கை வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். விளக்கு எரிந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஓடவில்லை. கையைக் கழுவித் துடைத்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, ஹாலைக் கடந்து நடந்து போய்க் கதவைத் திறந்தாள்.

பினாயில் விற்கிறவர் நின்றிருந்தார். பத்து வீட்டில் கதவு திறக்காமல் வந்த மனிதர். திறந்ததும் அவருக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை.

“வாங்க, என்ன கொண்டாந்திருக்கறீங்க?” என்றாள் மங்கை.

மூன்று பாட்டில் வாங்கினாள். உள்ளே அலமாரியில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. நடேசனுக்கும் அது தெரியும்.