ஏழாவது கம்பு

ஆழித்துறையில் வெயில் ஏறிவிட்டால் கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. உப்பளங்களின் வெள்ளை இரண்டையும் அழித்துவிடும். துறையில் நிற்கும் நீராவிக் கப்பல் அந்த நேரத்தில் தண்ணீரில் மிதப்பதுபோல் இராது. யாரோ கண்டு மறந்த கனவில் மிச்சப்பட்டதுபோல் அந்தரத்தில் நிற்கும்.

அந்தக் கப்பலின் பெயர் நீலமணி. அதன் கேப்டன் தொம்மை. செவ்வாய்க்கிழமைதோறும் மாலையில் அரசாங்கத் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு கருந்தீவுக்குப் போவார். வெள்ளிக்கிழமை திரும்புவார். இருபது வருஷமாக இதுதான்.

ஊருக்கு வெளியே, உப்பாற்றங்கரையில் ஓர் ஓலைக் கொட்டகை. அதில் தபால் சாமி இருந்தார். முன்பு ஒரு காலத்தில் காட்டு வழியில் தபால் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, சலங்கை கட்டிய ஈட்டியைக் குலுக்கிக் குலுக்கி ஓடியவர். சத்தம் கேட்டால் மிருகங்கள் விலகிப்போகும். ஒருநாள் அந்த ஓட்டத்தை விட்டுவிட்டார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. மலைப்பக்கத்துக்காரர், நீச்சல் தெரியாதவர், ஏனோ கடலோரம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கேப்டனைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் மனசில் ஏதாவது அடைத்துக்கொண்டால் கேப்டன் அவரிடம்தான் வருவார். அவர் சொன்னபடிதான் நடப்பார்.

ஈட்டி இன்னும் கொட்டகை மூலையில் சாய்ந்திருந்தது. சலங்கைகளைக் காணோம்.

"சலங்கை எங்கே சாமி?" என்று பழகிய புதிதில் கேப்டன் கேட்டார்.

"ஒரு ஆடு ஆசைப்பட்டுச்சு."

அடுத்த வருஷமும் கேட்டார்.

"ராத்திரி தானா ஆடுது கேப்டன். தூக்கம் கெட்டுப்போச்சு."

அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுதுக்கு முன்பே கேப்டன் கொட்டகைக்கு வந்தார். கக்கத்தில் ஒரு தோல்பை.

"என்ன கேப்டன், முகம் கறுத்துக் கிடக்கு? அடுப்புக்கரி உங்க ஆளுங்க அள்ளுறதா, நீங்க அள்ளுறதா?"

கேப்டன் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார்.

"புது ஒப்பந்தம். அரசாங்கத் தபால் இன்னும் ஏழு வருஷத்துக்கு நமக்கே. முதலாளி கையெழுத்துப் போட்டாச்சு. கேப்டனும் போடணுமாம். ஆறு மணிக்குக் கப்பல் கிளம்புறதுக்குள்ள."

"வாசிங்க, கேட்போம்."

"முதல் விதி. தபால் அறை இரும்புத் தகடு வேய்ந்து, ஈரம் படாததாக இருத்தல் வேண்டும்."

சாமி ஓலைக் கூரையின் ஓட்டைகளை அண்ணாந்து பார்த்தார். "அங்கேயே குடி வந்துடலாம் போல."

"நாலாவது. பயணிகள் இறங்குமுன் பைகள் இறங்க வேண்டும்."

"ம்."

"ஒன்பதாவது. தபால் அதிகாரி கேட்டுக்கொண்டால், வரவேண்டிய பை வந்து சேரும்வரை கப்பல் ஒரு நாள் முழுவதும் துறையில் காத்திருக்க வேண்டும்."

"பைக்காக மனுஷன் காத்திருக்கலாம்" என்றார் சாமி. "மனுஷனுக்காகப் பை காத்திருக்கக் கூடாது. எங்க காலத்திலயும் இப்படித்தான். மேல வாசிங்க."

கேப்டன் தாளைப் புரட்டினார். குரல் தணிந்தது.

"பன்னிரண்டாவது. எக்காரணம் கொண்டும் கப்பல் வழியில் நிற்கலாகாது."

"முன்னே எப்படி இருந்தது?"

"'உயிர் காக்கும் பொருட்டன்றி' நிற்கலாகாதுன்னு இருந்தது. அந்த மூணு வார்த்தையை எடுத்துட்டாங்க. என்னாலதான் சாமி. போன ஐப்பசியில கவிழ்ந்து கிடந்த வள்ளத்தைப் பார்த்துக் கப்பலை நிறுத்தினேனே, அதனால."

சாமிக்கு அது தெரியும். வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் கிடந்தார்கள். ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்கு ஐந்து மணி நேரம் தாமதம். அரசாங்கம் அபராதம் போட்டது. பிறகு புது ஒப்பந்தம் எழுதியது.

"போடலைன்னா?"

"நீலமணி துருப்பிடிச்சுக் கிடக்கும். ஐம்பத்திரண்டு பேருக்கு வேலை போகும். வேறொரு கம்பெனி வாசல்லயே நிக்குது."

"போட்டுடுங்க, அப்போ."

கேப்டன் நிமிர்ந்தார். "நானும் அதைத்தான் நினைச்சேன் சாமி. போட்டுடுறேன். போட்டாலும், தண்ணியில ஒரு உயிர் தத்தளிச்சா நான் நிக்கத்தான் போறேன். வர்றது வரட்டும். காகிதத்துல போட்ட கையெழுத்து என் கண்ணை என்ன செய்யும்? என் கண்ணு எனக்குத் தெரியாதா? இது சரிதானா, அதை மட்டும் சொல்லுங்க."

சாமி எழுந்துபோய் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் எடுத்து வந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ எழுதினார், மடித்தார், கஞ்சிப் பசையால் ஒட்டினார். இன்னொரு துண்டில் ஒரே ஒரு வரி எழுதிக் கேப்டனிடம் நீட்டினார்.

'இக்கடிதத்தை எக்காரணம் கொண்டும் வழியில் நில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.'

"கையெழுத்துப் போடுங்க."

கேப்டன் சிரித்துவிட்டார். "யாருக்குக் கடிதம்?"

"உப்பளத்துச் சூசம்மாளுக்கு. மூணு மணி அடிக்கிறதுக்குள்ள சேரணும்."

கேப்டன் கையெழுத்திட்டார். சாமி அந்தத் துண்டை மடியில் செருகிக்கொண்டார்.

"நான் குளிக்கப் போறேன். கஞ்சி இருக்கு, குடிங்க. இந்தக் கொட்டகைக் கால் நிழல் வாசல்ல கிடக்கிற அந்தச் சங்கைத் தொட்டதும் கிளம்புங்க."

நிழல் சங்கைத் தொட்டது. கேப்டன் கிளம்பினார்.

ஆற்றங்கரையோடு இரண்டு மைல். வலப்பக்கம் உப்புக் குவியல்கள், இடப்பக்கம் கழிமுகம். காற்று இல்லை. வெயிலில் எல்லாமே லேசாக ஆடிக்கொண்டிருந்தன. குவியல்கள் தரையைவிட்டு ஒரு சாண் மேலே நின்றன. தன் காலடியே யாரோ தூரத்தில் நடப்பதுபோல் அவருக்குக் கேட்டது. தூக்கத்தில் நடப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. கையிலிருந்த கடிதம் மட்டும் கனமாக, நிஜமாக இருந்தது. அவ்வப்போது சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் சரியாக இருந்தது. மனசும் லேசாகிக்கொண்டே வந்தது.

கழிமுகத்தின் நடுவே வலை கட்டும் கம்புகள் வரிசையாக நின்றன. பழக்க தோஷத்தில் எண்ணினார். கடைசிக் கம்பின்மேல் ஒரு காக்கை. எங்கோ ஒரு பறவை கத்தியது. மறுபடியும் கத்தியது. நீர் ஏறத் தொடங்கியிருந்தது.

மூன்று மணி அடிக்கக் கால்மணி நேரம் இருக்கும்போதே உப்பளத்துக்கு வந்துவிட்டார்.

எடைக் கொட்டகையில் சூசம்மாள் மூட்டைகளுக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, கப்பலை விட்டுட்டு நடந்து பழகுறீங்களா?"

"சாமி கொடுத்த தபால். நேரத்துக்குக் கொண்டாந்துட்டேன், பார்த்துக்கோ."

அவள் பசையைப் பிரித்தாள். எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

"'கேப்டன் தாமதமாக வந்தால் ஒன்றும் கேட்காதே. துணி காயப்போடக் கயிறு கொடு. நேரத்துக்கு வந்தால், கழிமுகத்தில் எத்தனை கம்பு என்று கேள்.'" அவள் நிமிர்ந்தாள். "என்ன அண்ணாச்சி இது, விடுகதையா? சரி, எத்தனை கம்பு?"

"ஏழு."

"ஆறு."

"ஏழும்மா. இருபது வருஷமா கம்பையும் கொடியையும் எண்ணியே பிழைக்கிறவன் நான். ஏழாவதுல ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது."

"என் வீட்டுக்காரர் நட்ட கம்பு அண்ணாச்சி. நான்தான் சேத்துல நின்னு பிடிச்சுக்கிட்டேன். ஆறுதான்."

கேப்டன் கழிமுகத்துப் பக்கம் திரும்பினார். பிறகு ஓடினார்.

ஐம்பத்தாறு வயசு உடம்பு ஓடுகிற ஓட்டமாக அது இல்லை. பின்னால் சூசம்மாள் கொடிக்கயிற்றை அறுத்துச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அவர்களுக்குப் பின்னால் மூன்று மணி அடித்தது.

கழிமுகத்தில் கம்புகள் பாதி உயரம் நீரில் மூழ்கியிருந்தன. ஆறு கம்புகள். ஏழாவது இடத்தில், நீருக்கு மேலே ஒரு முகமும் ஒரு கையும். கை இன்னும் உயர்ந்தே இருந்தது. வாய் வரைக்கும் தண்ணீர்.

கேப்டன் சட்டையோடு இறங்கினார். சேறு சாமியைத் தொடை வரைக்கும் விழுங்கியிருந்தது. கேப்டன் மூழ்கி மூழ்கிக் கையால் தோண்டினார். சூசம்மாள் ஒரு கம்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். இரண்டு தரம் சாமியின் முகம் தண்ணீருக்குள் போய் வந்தது. மூன்றாம் தரம் சேறு விட்டது.

கரையில் மூவரும் கிடந்தார்கள். மூச்சு வாங்கியது.

"குளிக்கப் போறேன்னீங்களே சாமி" என்றார் கேப்டன்.

"குளிச்சேன்."

"நான் எண்ணிக்கையைத் தப்பாச் சொல்லியிருந்தா? ஆறுன்னு சொல்லியிருந்தா?"

"இடுப்பளவு தண்ணி வந்ததும் எழுந்து வந்துடலாம்னுதான் உட்கார்ந்தேன். சேறு என் ஒப்பந்தத்துல இல்லை."

சூசம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். "ரெண்டு பேருக்கும் கிறுக்கு" என்றாள்.

"சத்தமாவது போட்டிருக்கலாமே!" என்றார் கேப்டன்.

"போட்டேனே. ரெண்டு தரம்."

கேப்டன் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருந்தது. காய்ந்தால் உதிர்ந்துவிடும் சேறுதான். ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. தோல்பை வைத்த இடத்திலேயே இருந்தது. கேப்டன் ஒப்பந்தத்தை வெளியே எடுத்தார்.

"ஐம்பத்திரண்டு பேர், சாமி."

"தெரியும்."

"நான் போடலைன்னா இன்னொருத்தன் வாசிக்காமலேயே போட்டுக் கொடுப்பான்."

"கொடுப்பான்."

கேப்டன் பேனாவைத் திறந்தார். பன்னிரண்டாம் விதியில் 'எக்காரணம் கொண்டும்' என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே பொடி எழுத்தில் எழுதினார்: 'உயிர் காக்கும் பொருட்டன்றி.' கை ஈரத்தில் மை லேசாகப் பரவியது. அடியில் கையெழுத்துப் போட்டார்.

"இதைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

சாமி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"அனுப்பினா என்ன செய்வீங்க அண்ணாச்சி?" என்றாள் சூசம்மாள்.

"நடந்து பழகிக்குவேன்."

துறையிலிருந்து நீலமணியின் ஊதல் கேட்டது. நீண்ட ஒரே ஊதல். உப்பு வெளி முழுக்கப் பரவி, எங்கும் மோதாமல் கரைந்தது. கப்பல் இப்போது அந்தரத்தில் இல்லை. புகை கறுப்பாக, தண்ணீரில் கனமாக, கிளம்பும் கப்பலாக நின்றது.

கேப்டன் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். கொட்டகை வாசலில் தயங்கினார். மூலையில் சாய்ந்திருந்த ஈட்டியைப் பார்த்தார். வெறும் ஈட்டி.

"சாமி."

"ம்."

"நீங்க ஓட்டத்தை விட்ட அன்னைக்குக் காட்டுவழியில உங்களை யாரோ கூப்பிட்டிருக்காங்க. சலங்கைச் சத்தத்துல உங்களுக்குக் கேட்கலை. அதானே?"

சாமி கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் ஏறி, ஆறு கம்புகளின் நுனி மட்டும் தெரிந்தது.

"கேட்டுச்சு கேப்டன்" என்றார். "காத்துன்னு நினைச்சேன்."