நாச்சிமுத்துவின் இயற்கை மேக்கப்

புத்திசாலிகள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அபூர்வம். சங்கிலித்தோட்டத்தில் ஒரே வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் நாச்சிமுத்து, நடுவில் சிவமலை, கடைக்குட்டி தெய்வசிகாமணி. தாங்கள் புத்திசாலிகள் என்பது மூவருக்கும் நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்குத்தான் இன்னும் தெரியவரவில்லை.

நாச்சிமுத்துவுக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. பதினோரு இடத்தில் பெண் பார்த்து, பதினொன்றும் தட்டிப்போயிற்று. அண்ணனுக்கு ஆகாமல் தம்பிகளுக்குப் பார்க்க முடியாது என்பதால் அவர்களும் வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டாவதாக, அர்த்தநாரி என்பவரின் மகள் மேகலாவின் ஜாதகம் பொருந்தியது. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மாப்பிள்ளையை வீடியோவில் பார்க்கிறோம், பிடித்தால் பேசி முடித்துவிடலாம் என்று பெண் வீட்டில் சொல்லியனுப்பினார்கள்.

தம்பிகள் இருவரும் டவுனில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் செல்வநாயகியிடம் ஓடினார்கள்.

“கண்ட கிரீமெல்லாம் வேண்டாமுங்க,” என்றாள் அவள். “வாயில போடறது எதுவோ அதைத்தான் மூஞ்சியிலயும் போடோணும். பச்சரிசி மாவைத் தயிர்ல கொழைச்சுப் பூசுங்க. மொதல்ல காதுக்குப் பின்னால தடவி ஒரு நாள் பாருங்க. கன்னத்துக்கு பீட்ரூட் சாறு, தொட்டும் தொடாம. ஜன்னல் வெளிச்சத்துல உக்கார வையுங்க. முக்கியமா, மேக்கப் போட்டதே தெரியக் கூடாது.”

சனிக்கிழமை விடிந்ததும் நாச்சிமுத்துவின் காதுக்குப் பின்னால் மாவைத் தடவினார்கள். சிவமலை மத்தியானம் வரை அதைப் பார்த்தான். மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும் வரை தெய்வசிகாமணி பார்த்தான். இடையில் ஒரு சந்தேகம் வந்தது.

“அண்ணா, கண்ணைச் சிமிட்டலாமுங்களா?”

“சிமிட்டலாம். ஆனா உடனே தொறந்துடோணும்.”

நாச்சிமுத்து நடந்தால் பின்னால் நடந்து, சாப்பிட்டால் பின்னால் குந்தி, கடமை தவறாமல் பார்த்தார்கள். காது இருந்த இடத்திலேயே இருந்தது. திருப்தியாயிற்று.

ஞாயிறு காலை மாவைக் குழைத்து ஆளுக்கு ஒரு வாய் போட்டுப் பார்த்தார்கள். உப்பு சுத்தமாக இல்லை. வாயில் போட முடியாததை அண்ணன் முகத்தில் எப்படிப் போடுவது? சிவமலை உப்புப் போட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினான். இப்போது நன்றாக இருந்தது. மீதியிருந்ததை முகத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

“போட்டதே தெரியக் கூடாதுன்னு சொன்னாங்களே, யாருக்குத் தெரியக் கூடாது?” என்று கேட்டான் தெய்வசிகாமணி.

சிவமலை விரல் விட்டு எண்ணினான். “போடறது நாம ரெண்டு பேரு. நமக்குத் தெரியாம போட முடியாது. பொண்ணு வீட்டுக்காரங்க இங்க இல்லை, அவங்களுக்கு எப்படியும் தெரியாது. பாக்கி அண்ணன்தான்.”

நாச்சிமுத்துவின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். “என்ன பண்றீங்கடா?” என்றார் அவர். “ஒண்ணும் பண்ணலைங்ண்ணா,” என்றார்கள். தம்பிகள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று அவர் அமைதியானார். முகம் குளுகுளுவென்று இருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டார்.

தொட்டும் தொடாமலும் என்பதுதான் கொஞ்சம் சிரமப்படுத்தியது. கடைசியில் சிவமலை வலக்கன்னத்தைத் தொட்டான். தெய்வசிகாமணி இடக்கன்னத்தருகே நின்று தொடாமல் இருந்தான். வலக்கன்னம் மட்டும் பிள்ளையாருக்கு வைத்த செம்பருத்தி மாதிரி சிவந்தது.

அந்த வீட்டுக்குள் போனுக்கு டவர் கிடைக்காது, தென்னந்தோப்பில்தான் கிடைக்கும். ஜன்னலோ வீட்டுச் சுவரில் இருந்தது. கடப்பாரையால் ஜன்னலைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தோப்பில் இரண்டு மரங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். கதவு சாத்தியிருந்ததால் இருட்டாக இருக்கும் என்று தெய்வசிகாமணி திறந்துவிட்டான். வெளிச்சம் நன்றாக வந்தது.

சரியாகப் பதினோரு மணிக்கு நாச்சிமுத்துவின் கண் கட்டை அவிழ்த்துப் போனைக் கையில் கொடுத்தார்கள். திரை முழுக்க ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். மேல் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் இன்னொருத்தர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வெளேரென்ற முகம், நெற்றியில் நாலு கடுகு, ஒரு கன்னம் மட்டும் சிவப்பு.

நாச்சிமுத்து போனைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். போட்டிக்கு இன்னொரு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்களோ?

சிவமலை பக்கவாட்டில் கழுத்தை நீட்டிப் பார்த்தான். “அண்ணனாட்டவே இருக்குதே.”

“அதெப்படி,” என்றான் தெய்வசிகாமணி. “அண்ணனுக்குச் செவந்தது சோத்தாங்கைப் பக்கம். அந்தாளுக்குப் பீச்சாங்கைப் பக்கம். இது வேற ஆளு.”

இதற்கு மறுப்பேது? நாச்சிமுத்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேவிட்டார். “ஏனுங்க, மூலையில ஒருத்தர் உக்காந்திருக்காருங்களே, அவர் யாருங்க?”

அர்த்தநாரி தன் போனின் மூலையைப் பார்த்தார். அங்கே அவர் முகம்தான் இருந்தது. “அது நான்தானுங்க. பொண்ணோட அப்பா,” என்றார்.

நாச்சிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போட்டி மாப்பிள்ளை இல்லை, மாமனார்.

“அப்போ பெருசாத் தெரியறது யாருடா?” என்று தம்பிகளிடம் கிசுகிசுத்தார்.

“போன் கம்பெனிக்காரரா இருக்கும்,” என்றான் சிவமலை. “லைன் போட்டுக் குடுத்துட்டு நிக்கறாரு.”

நாச்சிமுத்து போனைச் சிவமலையிடம் கொடுத்து எதிரே பிடிக்கச் சொல்லிவிட்டு, மூலையைப் பார்த்துக் கைகூப்பினார். மாமனாரும் உடனே கைகூப்பினார். இவ்வளவு பெரிய மனுஷர் நமக்குக் கும்பிடு போடுகிறாரே என்று நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தால் மாமனாருக்கும் கலங்கியிருந்தது.

அந்தப் பக்கம் அர்த்தநாரி மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். “மூஞ்சி பூராத் திருநீறு பூசிட்டு, கூப்புன கையை எறக்காம உக்காந்திருக்காரு பாரு. இந்தக் காலத்துல இப்படியொரு பணிவு யாருக்கு வரும்?” மேகலாவும் பார்த்தாள். பணிவாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் முகூர்த்தம் குறித்தார்கள்.

கல்யாணத்தன்று தம்பிகள் அதே மாவு, அதே தாளிப்பு, அதே சாறு என்று கண்ணைக் கட்டிப் பூசி அண்ணனை மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். வாசலில் அர்த்தநாரி ஓடியாடி எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். போன் கம்பெனிக்காரருக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நாச்சிமுத்து மெச்சினார். ஆனால் மாமனாரைக் காணோம். பந்தி, சமையற்கட்டு, எங்கும் தேடியாயிற்று. பெற்றவர் வராமல் தாலி கட்டுவது எப்படி? பன்னிரண்டாவதும் போய்விடுமோ என்ற பயத்துடன் மாப்பிள்ளை அறைக்குள் நுழைந்தார்.

எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதில் பட்டு வேட்டியும் மாலையுமாக மாமனார் வந்து நின்றார்.

நாச்சிமுத்துவுக்கு அப்பாடா என்றிருந்தது. “உக்காருங்க மாமா,” என்றார். அவரும் அதையேதான் சொன்ன மாதிரி இருந்தது. மாமனார் நிற்கும்போது மாப்பிள்ளை உட்காரலாமா? இவர் நின்றார். அவரும் பிடிவாதமாக நின்றார்.

வெளியே மேளம் வேகமெடுத்தது. மணமேடையில் மேகலா வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் ஆயிற்று. அர்த்தநாரி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து அறைக் கதவைத் தட்டினார். வாசலில் காவல் நின்ற சிவமலை அவர் கையைப் பிடித்து மரியாதையாக ஓரமாக நிறுத்தினான்.

“சத்தம் போடாதீங்க. பொண்ணோட அப்பாவும் மாப்பிள்ளையும் உள்ள பேசிட்டிருக்காங்க. போன் கம்பெனிக்காரங்களுக்கெல்லாம் ரெண்டாம் பந்தியில எலை போட்டிருக்குதுங்க.”