மூன்று முள்ளும் மாசானத்தின் கல்யாணமும்

கொம்பன்குளத்து மாசானத்துக்கு முப்பத்தோரு வயசாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கிடைக்காமல் இல்லை. தாய்மாமன் அணைஞ்சபெருமாளின் மகள் செண்பகவடிவு இருந்தாள். அவளுக்கும் இவன்மேல் பிரியம்தான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. மாமாதான் இடையில் ஒரு நிபந்தனை போட்டார்.

அவரிடம் ஐம்பத்தாறாம் வருஷத்துக் கார் ஒன்று இருந்தது. நன்றாக ஓடும். ஆனால் ஸ்டியரிங்குக்கு முன்னால் முகப்புப் பலகையில் இருந்த மூன்று மீட்டரும் செத்துப்போய்விட்டன. பேட்டரி கரண்டுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று, இன்ஜின் சூட்டுக்கு ஒன்று.

"மருமவனே, வண்டிய உன் கொட்டகையில விட்டுட்டுப் போறேன். வெள்ளிக்கிழமை காலையில வருவேன். மூணு முள்ளும் எந்திரிச்சு நிக்கணும். நின்னா பொண்ணு உனக்கு. இல்லன்னா தென்காசி மாப்பிள்ளைக்கு" என்றார்.

மாசானம் தன் கூட்டாளிகள் தளவாயையும் பூதத்தானையும் கூட்டிக்கொண்டு டவுன் பழைய இரும்புக் கடைக்குப் போனான். மூன்று பழைய மீட்டர் வாங்கினார்கள். கடைக்காரர் நல்ல மனுஷன், வழியும் சொல்லிக் கொடுத்தார்.

"பழைய சாமான். மாட்டுறதுக்கு முன்னால சோதிச்சுப் பாருங்க. கரண்ட் மீட்டரைப் பேட்டரியில நேரா கொடுத்துராதீங்க, நடுவுல ஒரு பல்பைப் போடுங்க. சூட்டு மீட்டருக்கு வெந்நீர். பெட்ரோல் மீட்டருக்கு டேங்க்."

மூன்று பேரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள். அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும்.

கொட்டகையில் ஒரு மூலையில் பேட்டரியை வைத்தார்கள், எதிர் மூலையில் மீட்டரை வைத்தார்கள். நடுவில் செங்கல்மேல் ஒரு பல்பு. ஒயர் ஒன்றும் கிடையாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"பல்பு சரியா நடுவுல இல்லடே" என்றான் தளவாய். டேப் பிடித்து அளந்து, நாலு விரற்கடை நகர்த்தினார்கள்.

"பல்பு மறைக்கில்லா? பேட்டரிக்கு மீட்டர் எப்படித் தெரியும்?" என்றான் பூதத்தான்.

"போடத்தான சொன்னாரு. எடுக்கச் சொல்லலையே" என்றான் மாசானம்.

அந்த மீட்டருக்குப் பூஜ்யம் நடுவில் இருக்கும். சும்மா கிடந்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். தளவாய் குனிந்து பார்த்து அசந்துபோனான். "பல்பும் நடுவுல, முள்ளும் நடுவுல. என்ன துல்லியம் பாத்தியா." மீட்டர் பாஸ்.

அடுத்து சூட்டு மீட்டரைப் பானையில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டார்கள். முள் ஏறவில்லை. பூதத்தான் கரண்டியால் குத்திப் பார்த்து, "இன்னும் வேகல" என்றான். பழைய சாமான் அல்லவா, வேக நேரமாகும் என்று இன்னும் இரண்டு விறகு சேர்த்தார்கள்.

பெட்ரோல் மீட்டரை டேங்குக்குள்ளேயே போட்டார்கள். போட்ட பிறகுதான் முள் தெரியவில்லை என்பது தெரிந்தது. தளவாய் தீக்குச்சி கிழித்து எட்டிப் பார்க்கப் போனான். தீப்பெட்டி நமத்துப்போயிருந்ததால் இந்தக் கதை மேலே நடக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் மூன்றையும் மாட்டிப் பார்த்தார்கள். ஒரு முள்ளும் அசையவில்லை. மாசானம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதே விட்டான். "தென்காசிக்காரன் கொண்டுபோயிருவானே."

"அழாத. மாமா என்ன சொன்னாரு? முள்ளு எந்திரிச்சு நிக்கணும். அவ்வளவுதான?" என்றான் பூதத்தான்.

ஒவ்வொரு மீட்டரின் முதுகிலும் ஓட்டை போட்டு, முள்ளில் நூல் கட்டி, நூலைக் கீழே இறக்கினார்கள். கீழே இழுத்தால் முள் எழும், விட்டால் படுத்துவிடும். வெள்ளிக்கிழமை மாமா வந்தபோது மூன்று முள்ளும் ஜம்மென்று நின்றன. பூதத்தான் காருக்குள் முகப்புப் பலகைக்கு அடியில் நூலை இழுத்துப் பிடித்தபடி சுருண்டு கிடந்தான். மாமா மனம் குளிர்ந்து ஒரு சுற்று ஓட்டினார். பஞ்சாயத்து ஆபீஸ் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது.

"பெட்ரோல் தீந்திருக்கு. முள்ளு ஃபுல்லுன்னுல்லா காட்டுது?" என்றார்.

அடியிலிருந்து குரல் வந்தது. "தீந்துபோச்சுன்னு யாரும் எங்கிட்ட சொல்லலையே அண்ணாச்சி."

மாமா குனிந்து பூதத்தானையும் அவன் கையிலிருந்த நூலையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுவும் நியாயம்தான். பழைய மீட்டர்கிட்ட ஏழு வருஷமா கேக்கேன், ஒரு வார்த்தை பதில் சொன்னதில்ல. இது சொல்லுது. பொண்ணு உனக்குத்தான் மருமவனே. ஆனா ஒண்ணு, நூலை யாரும் ஒரு நிமிஷம்கூட விடக்கூடாது."

விடவில்லை. மூன்று பேரும் முறை வைத்துப் படுத்தார்கள். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளையைக் காணோம் என்று மண்டபமே தேடியது. அவன் முறை அது, வாசலில் நின்ற காருக்குள் முகப்புக்கு அடியில் நூலோடு கிடந்தான்.

என்ன செய்ய? பெண்ணைக் காருக்குள் உட்காரவைத்து, தாலியை அவன் கையில் கொடுத்தார்கள். மாசானம் நூலை விடாமலே குனிந்தபடி கட்டினான். மூன்று முடிச்சும் விழுந்தது. மீட்டர் நூல் மூன்றும் தாலி முடிச்சுக்குள் சேர்ந்து விழுந்தது.

கெட்டிமேளம் நின்றதும் செண்பகவடிவு தலை நிமிர்ந்தாள். டேங்க் காலி என்று முள் படுத்தது. பதறிக் குனிந்தாள், ஃபுல் என்று எழுந்து நின்றது.

மாமா இரண்டு தரம் நிமிரச் சொல்லியும் குனியச் சொல்லியும் பார்த்தார். பிறகு நிம்மதியாக ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"குனிஞ்சே இரு தாயி. திருச்செந்தூர் வரைக்கும் போகணும்."